சிங்காரம் ஒன்றுக்குப் போன கதை

பூனை பிழைத்துவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைத் தட்டச்சு செய்யும்போது கீபோர்டுக்குப் பக்கத்தில்தான் ஒரு காலைத் தூக்கி நக்கிக்கொண்டு கிடக்கிறது. போனது என் பணமும் பத்து நாள் தூக்கமும்தான்.

சிங்காரம் 4 வயதுக் கடுவன் (ஆண் பூனை). கருத்தடை ஆகிவிட்டது, வீட்டை விட்டு வெளியே போகாது, கொஞ்சம் குண்டு, உலர்தீவனம் மட்டும்தான் தின்னும். தண்ணீர்க் கிண்ணத்தை ஏதோ அலங்காரப் பொருள் என்று நினைத்துக்கொண்டிருந்தது. இதெல்லாம் சேர்ந்தால் என்ன வரும் என்று நெடுநாள் பூனை வளர்ப்பவர்கள் இந்நேரம் ஊகித்திருப்பீர்கள். எனக்கு அப்போது தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் கழிப்பிடமான மண் தட்டுக்குப் போய் உட்கார்ந்தது. முக்கியது, கத்தியது, எழுந்து வந்தது, மறுபடி போனது. மலச்சிக்கல் என்று நானே முடிவு செய்து, மூன்று வருடமாகப் போய்க்கொண்டிருந்த கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த கிளினிக்கைத் தேர்ந்தெடுத்ததற்கு இரண்டே காரணம். வீட்டுக்குப் பக்கம், கன்சல்டேஷன் கம்மி.

டாக்டர் பூனையைக் கூடையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. கம்பி வழியாக ஒரு பார்வை பார்த்தார். "மோஷன் டைட்டா இருக்கும், இந்த சிரப் குடுங்க, சரியாயிடும்." நான்கு நிமிடம்கூட ஆகியிருக்காது. பில்லைப் பார்த்து உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டே வெளியே வந்தேன். இன்றுவரை அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அதிகம்.

ராத்திரி 10 மணிக்கு இரண்டு முறை வாந்தி எடுத்தது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. வயிற்றில் கை வைத்தால் கத்தியது. வலி போல இருக்கிறதே என்று அலமாரியிலிருந்து பாராசிட்டமால் அட்டையை எடுத்து, கால் மாத்திரை போதுமா அரை வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தங்கை வந்து கையிலிருந்து பிடுங்கினாள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். அதன் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமல் போய்விடும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்து சிலவும் அப்படித்தான், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருந்தால் பூனைக்கு விஷம். வீட்டில் இருக்கும் எதையும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் அவள்தான் கேட்டாள், "அண்ணா, மண்ணைக் கிளறிப் பாத்தியா?"

நாங்கள் போடுவது கட்டியாகும் மண். சிறுநீர் பட்டால் உருண்டையாகக் கெட்டிப்படும். காலையிலிருந்து இருபது தடவையாவது அந்தத் தட்டில் உட்கார்ந்திருக்கும். கிளறினால் ஒரு கட்டிகூட இல்லை. எல்லாம் அப்படியே உலர்ந்த மண். பிரச்சினை பின்பக்கம் இல்லை, முன்பக்கம்.

கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். பொடிப்பொடியான படிகங்களும் கோழையும் சேர்ந்து அங்கே தக்கை மாதிரி அடைத்துக்கொள்ளும். சிறுநீரகம் பாட்டுக்கு உற்பத்தி செய்துகொண்டே இருக்கும், வெளியே போக வழி இருக்காது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பைக் கெடுக்கும். ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். ஆண் பூனை திரும்பத் திரும்ப முக்குகிறது, சொட்டு சிறுநீரும் வரவில்லை என்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காதீர்கள்.

கிளினிக்குக்கு போன் செய்தேன். வாசல் போர்டில் 24 மணி நேரம் என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். பத்து ரிங் போன பிறகு வாட்ச்மேன் எடுத்தார். "டாக்டர் காலைல பத்து மணிக்குத்தான் வருவாரு சார்." 24 மணி நேரமும் திறந்திருப்பது கேட் மட்டும்தான் போல. வேறு இரண்டு இடங்களில் யாரும் எடுக்கவில்லை. நான்காவது எண்ணில் ஒரு பெண் எடுத்தார். நான் காலையில் நடந்ததிலிருந்து ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டு, "ஆணா பெண்ணா? யூரின் போச்சா?" என்றார். சொன்னேன். "உடனே கிளம்புங்க, வழியில எங்கேயும் நிக்க வேணாம்." போனில் என் முதல் வாக்கியமே இப்படி இருந்திருக்க வேண்டும்: ஆண் பூனை, காலையிலிருந்து சிறுநீர் இல்லை. மற்ற கதையெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

அங்கே இருந்த டாக்டர் சிங்காரத்தைத் துண்டில் சுற்றித் தூக்கி, அடிவயிற்றில் விரல்களை வைத்தார். இரண்டே விநாடி. "பிளாடர் கல்லு மாதிரி இருக்கு. மெதுவா தொட்டுப் பாருங்க, அழுத்தாதீங்க." தொட்டேன். காற்று முழுக்க அடைத்த சின்ன ரப்பர் பந்து மாதிரி விண்ணென்று இருந்தது. காலையில் கூடையைத் திறந்து யாராவது இரண்டு விநாடி கை வைத்திருந்தால் தெரிந்திருக்கும்.

பூனையை உள்ளே கொண்டுபோனதும் ரிசப்ஷனிலிருந்து எஸ்டிமேட் வந்தது. ஒரு பக்கத் தாள், இரண்டு தொகை. குறைந்தது இவ்வளவு, அதிகபட்சம் இவ்வளவு. அதிகபட்சம் என் இரண்டு மாதச் சம்பளத்தைத் தொட்டது. பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போடப் போனேன். உள்ளே உயிர் ஊசலாடும்போது இங்கே பேரம் பேசுகிறவனாகத் தெரியக்கூடாது என்கிற வெட்கம். தங்கைக்கு அந்த வெட்கம் கிடையாது. டாக்டர் வெளியே வந்ததும், "டாக்டர், எங்களால இவ்வளவு முடியாது. எங்ககிட்ட இருக்கிறது இவ்வளவுதான். இதுக்குள்ள என்ன செய்யலாம்?" என்று தொகையைச் சொல்லியே கேட்டுவிட்டாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முகம் சுளிக்கவில்லை. "இதை முதல்லயே சொல்றது எங்களுக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு, எஸ்டிமேட் தாளைத் திருப்பிப் போட்டு நடுவில் ஒரு கோடு கிழித்தார். இடப்பக்கம், இன்று ராத்திரியே வேண்டியவை: பொட்டாசியமும் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது) பார்க்க ரத்தப் பரிசோதனை, இசிஜி, மயக்க மருந்து, கதீட்டர் (அடைப்பை நீக்கிச் சிறுநீரை வெளியேற்றச் செருகும் மெல்லிய குழாய்), டிரிப்ஸ், ஒரே ஒரு எக்ஸ்ரே. வலப்பக்கம், அப்புறம் பார்க்கலாம் என்பவை: அல்ட்ராசவுண்ட், கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர், விரிவான ரத்தப் பேனல். தங்கை ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள். "இதுல என்ன வந்தா நீங்க சிகிச்சையை மாத்துவீங்க?" எக்ஸ்ரேக்கு, "கல் இருந்தா திட்டமே மாறும்" என்றார். கல்ச்சருக்குக் கொஞ்சம் யோசித்து, "இந்த வயசுப் பூனைக்குக் கிருமித் தொற்றால இது வர்றது அபூர்வம். இன்னிக்கு ஒண்ணும் மாறாது" என்று அடித்துவிட்டார். கூட்டிப் பார்த்தால் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அதற்கும் முடியாது என்றால் வலியில்லாமல் நிரந்தரமாகத் தூங்க வைப்பதும் ஒரு வழி, அதில் குற்ற உணர்வு வேண்டாம் என்று அவரே மெல்லச் சொன்னார். நல்லவேளை, அங்கே போக வேண்டியிருக்கவில்லை.

இன்னும் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கினோம். ராத்திரி முழுக்கப் பக்கத்தில் யார் இருப்பார்கள் (ஒரு டாக்டரும் ஒரு நர்சும், சில இடங்களில் கூண்டைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்). தொகை எஸ்டிமேட்டைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே போன் செய்வார்களா. கதீட்டரை எடுத்த பிறகு மறுபடி அடைத்தால் என்ன செலவு. அடைப்பு திரும்ப வருவது சகஜம், அடிக்கடி வந்தால் குழாய் நுனியை அகலப்படுத்தும் அறுவைச் சிகிச்சை வரை போகலாம் என்றும் சொல்லி வைத்தார்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. எக்ஸ்ரேயில் கல் இல்லை. செவ்வாய்க்கிழமை மதியம் ஆபீஸில் மீட்டிங்கில் இருந்தபோது போன். "சார், கதீட்டர் எடுத்தாச்சு. தானா பேஞ்சிடுச்சு, நல்லா பெருசா!" அந்த நர்ஸ் குரலில் இருந்த குஷியைக் கேட்க வேண்டுமே. நான் மீட்டிங்கில் சத்தமாக "பேஞ்சிடுச்சா!" என்றேன். எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள், மழை என்று நினைத்து.

அடுத்தது இன்ஷூரன்ஸ். எட்டு மாதம் முன்பு பாலிசி எடுத்திருந்தேன், அதனால் தெனாவட்டாகவே இருந்தேன். பூனையின் முழு மருத்துவ வரலாறு வேண்டும் என்றார்கள். பழைய கிளினிக்குக்குப் போனேன். முதல் தடவை, கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. இரண்டாம் தடவை, டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், டாக்டர் இல்லை. மூன்றாம் தடவை, "எதுக்கு சார் கேக்கறீங்க, வேற எங்கயாவது போறீங்களா?" என்று ரிசப்ஷனில் விசாரணை. ஒருவழியாக நான்கு தாள் கைக்கு வந்தது. படித்துக்கூடப் பார்க்காமல் ஸ்கேன் செய்து அனுப்பினேன்.

க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. காரணம், மூன்றாம் தாளில் ஒரு வரி. பாலிசி எடுப்பதற்கு முன்னால் ஒருமுறை தடுப்பூசிக்குப் போயிருந்தபோது, "இப்பல்லாம் தட்டுல ரொம்ப நேரம் உக்காருது" என்று நான் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறேன். அதை, சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று பதிவு செய்திருக்கிறார்கள். ஆக பாலிசிக்கு முன்பே இருந்த நோய் என்று ஆகிவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாதவர்கள், ஒரு சிறுநீர்ப் பரிசோதனைகூடச் செய்யாதவர்கள், எழுத மட்டும் எழுதியிருக்கிறார்கள். மேல்முறையீடு செய்தேன், அதுவும் போனது. பாலிசி எடுப்பதாக இருந்தால் குட்டியாக இருக்கும்போதே, எந்தக் குறையும் பதிவாகும் முன்பே எடுங்கள். ஒவ்வொரு முறை டாக்டரிடம் போய் வந்ததும் என்ன எழுதினார்கள் என்று ஒரு பிரதி வாங்கி அன்றைக்கே படியுங்கள்.

அதற்கப்புறம்தான் ஒழுங்காக ஒரு டாக்டரைத் தேடினேன். எமர்ஜென்சி ஆஸ்பத்திரிக்கு எல்லாவற்றுக்கும் ஓடினால் கட்டுப்படியாகாது. இந்த முறை பூனை இல்லாமல் தனியாக மூன்று இடங்களுக்குப் போனேன். ஓரிடத்தில் கட்டணம் கேட்டதற்கே, "பூனையைக் கொண்டு வாங்க, பார்த்துட்டுச் சொல்றோம்" என்றார்கள். பல் சுத்தம் செய்யும் செலவு பூனையைப் பார்த்தால்தான் தெரியும், சரி. கன்சல்டேஷன் கட்டணத்துக்குமா? இன்னொரு இடம் பளபளவென்று இருந்தது. ஆனால் மருந்துச் சீட்டு வெளியே தர மாட்டார்களாம், எல்லாம் அங்கேயே வாங்க வேண்டும்.

மூன்றாவது ஒரே அறை, ஒரே டாக்டரம்மா. "ராத்திரி நான் இருக்க மாட்டேன். ஏதாவதுன்னா நீங்க போன அதே ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும், இங்கேயிருந்து ரிப்போர்ட் அனுப்பி வைக்கிறேன்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டார். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. சிங்காரத்தைக் கொண்டுபோன அன்று, அதை வெளியே இழுக்காமல் கூடையின் மேல்மூடியை மட்டும் கழற்றி, அடிப்பாதியில் உட்கார்ந்தபடியே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். முதலில் எடை போட்டார்: 6.1 கிலோ. பழைய இடத்துக் கார்டில் எடை என்ற கட்டம் மூன்று வருடமாகக் காலி.

தடுப்பூசிக் கார்டைப் பார்த்தவர் சிரித்தார். வருடா வருடம் எல்லாவற்றையும் போட்டிருக்கிறார்கள். வெளியே போகாத, வேறு பூனைகளோடு பழகாத வளர்ந்த பூனைக்கு முக்கியத் தடுப்பூசிகளை மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்பதுதான் உலகச் சிறு விலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல். ரேபிஸ் மட்டும் மருந்தையும் சட்டத்தையும் பொறுத்தது. "அந்தக் காசுக்கு வருஷம் ஒரு தடவை யூரின் டெஸ்ட் பண்ணுங்க" என்றார்.

படிகங்கள் ஸ்ட்ரூவைட் வகையாம், அதைச் சிறப்பு உணவாலேயே கரைக்கலாம் (ஆக்ஸலேட் வகை கரையாது). இதில் நான் செய்த கடைசி முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கிலோ கணக்கில் பார்த்தால் பெரிய மூட்டைதான் மலிவு என்று பெரியதாகவே வாங்கினேன். சிங்காரம் ஒருமுறை முகர்ந்து பார்த்தது, பக்கத்துத் தரையைச் சுரண்டி மூடுவது போலப் பாவனை செய்தது, போய்விட்டது. பிரித்த மூட்டையைத் திருப்பி எடுக்கவும் மாட்டேன் என்றார்கள். முதலில் சாம்பிள் கேளுங்கள், பெரும்பாலும் இருக்கும். பழைய தீவனத்தோடு கலந்து பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். பட்டினி போட்டுப் பணிய வைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள், குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து அதுவே தனி எமர்ஜென்சி ஆகிவிடும். கடைசியில் அதே உணவின் ஈர வகையைத்தான் ஏற்றுக்கொண்டது. செலவு கூடுதல்தான், ஆனால் அதோடு தண்ணீரும் உள்ளே போகிறது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுக்குப் பக்கத்திலிருந்து தள்ளி வைத்தோம், இன்னும் மூன்று கிண்ணம் வீடு முழுக்க. நான்கில் ஒன்றிலாவது வாய் வைக்கிறது.

மாதா மாதம் ஒரு தொகை தனிக் கணக்குக்குப் போகிறது. பாலிசிக்குக் கட்டிக்கொண்டிருந்த அதே தொகை. அந்தக் கணக்கு எந்த வரியையும் காட்டி நிராகரிக்காது.

தினமும் காலையில் எழுந்ததும் மண்ணைக் கிளறிக் கட்டிகளை எண்ணுவது என் வேலை. எண்ணிக்கையைத் தங்கைக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் போன் வந்துவிடும். இன்று மூன்று. ஒன்று நல்ல பெரியது.