கல்லறைத் திருநாளுக்கு முந்தைய நாள்

பிரான்சின் க்ளூனி துறவு மடத்தலைவர் ஒடிலோ 10ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் இறந்த விசுவாசிகளின் நினைவுநாளை நவம்பர் 2இல் தம் மடங்களில் ஏற்படுத்தியதால், அது நவம்பர் 1இல் வரும் அனைத்துப் புனிதர் பெருவிழாவை ஒட்டியே அமைந்தது. ஆனால் எங்கள் வடசென்னையில் இரண்டாம் நாளான கல்லறைத் திருநாளுக்கே மவுசு அதிகம். காசிமேடு கல்லறைத் தோட்டத்தில் கல்லைக் கழுவி, சாமந்திப் பூவைச் சிலுவையாக அடுக்கி (அன்று பூ விலையைக் கேட்கவே வேண்டாம்), கடற்காற்றில் மெழுகுவர்த்தி அணையாதிருக்கத் தேங்காய்ச் சிரட்டையை மறைப்பாக வைப்பவர்கள், முந்தைய நாள் திருப்பலியைத் தவறவிடுவது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஏனெனில் அப்பெருவிழா திருச்சபை புனிதரென்று அறிவித்துப் பீடமேற்றாத, பெயரறியாத புனிதர்களுக்கும் உரியது, மீன்கூடை சுமந்து பிள்ளைகளை வளர்த்த நம் பாட்டிமார்களும் அவர்களுள் இருக்கலாம். வேலைநாளானாலும் மாலைத் திருப்பலிக்குப் போய்வரலாமே.