துடைப்பக் குச்சியில் ஒரு காத்தாடி: நான்கு ஞாயிறுகள்

மே மாத விடுமுறையில் பிள்ளைகள் இருவரும் காத்தாடி கேட்டார்கள். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்வோம் என்று சொன்னேன். புத்தகத்தில் பட்டம் என்று இருந்தாலும் சென்னையில் வளர்ந்த எனக்கு அது காத்தாடிதான்.

முதல் ஞாயிறு சார்ட் பேப்பரில் செய்தோம். மகள் மயில் வரைந்து கலர் அடித்தாள். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் தரையை விட்டு எழும்பவே இல்லை. தாள் கனம். அன்று மாலையே செய்தித்தாளுக்கு மாறினோம். ஜெராக்ஸ் எடுக்கும் தாள் சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் என்றால் செய்தித்தாள் 45 கிராம் அளவுதான். மயிலைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டோம்.

40 செ.மீ. சதுரம். மூலைக்கு மூலை நேராக ஒரு ஈர்க்குச்சி, குறுக்கே வில் மாதிரி வளைத்த இன்னொன்று. வில்லில்தான் சிக்கல் வந்தது. ஈர்க்குச்சி அடியில் தடிமனாகவும் நுனியில் மெலிந்தும் இருக்கும். அதை வளைத்தால் நுனிப்பக்கம் மட்டும் அதிகமாக வளைகிறது, ஒரு இறக்கை தொங்குகிறது. மூன்று குச்சி உடைந்த பிறகு மகள்தான் சொன்னாள்: "அப்பா, ரெண்டு குச்சிய திருப்பித் திருப்பி வச்சுக் கட்டலாமா?" ஒன்றின் அடியும் மற்றொன்றின் நுனியும் சேர்கிற மாதிரி வைத்து நான்கு இடத்தில் நூலால் கட்டினாள். வில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளைந்து நின்றது. எனக்குத் தோன்றவே தோன்றாத யோசனை.

வெள்ளைப் பசை தடவியதும் செய்தித்தாள் ஊறிச் சுருங்கிவிட்டது. பழைய சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்தோம். கொஞ்சமாக எடுத்தால் போதும், தாள் சுருங்காமல் ஒட்டுகிறது. சின்னவனுக்கு இந்த வேலைதான் ரொம்பப் பிடித்தது.

இரண்டாம் ஞாயிறு மொட்டை மாடி. மேலே போவதற்குள் காத்தாடி சுற்றிச் சுற்றித் தலைகுப்புற விழுந்தது. மகன் அதைப் பார்த்துக்கொண்டே கைப்பிடிச் சுவர் வரை பின்னால் நடந்துவிட்டான். அந்த நொடியில் எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அன்றோடு மாடியை விட்டோம். பிள்ளைகளோடு காத்தாடி விடுகிறவர்கள் தயவுசெய்து தரையில் விடுங்கள்.

சுற்றுகிற வியாதியைக் கண்டுபிடித்தவர் தெருமுனையில் இஸ்திரி போடும் அண்ணன். வியாசர்பாடியில் வளர்ந்தவர். காத்தாடியைக் கையில் வாங்கியதும் நூலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். "சார், சூத்திரமே தப்பு. ரெண்டு காலும் ஒரே நீளமா போட்டிருக்கீங்க." குச்சிகள் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு நூல், நடுக்குச்சியின் கீழ்ப்பகுதியிலிருந்து ஒரு நூல், இரண்டும் சேரும் முடிச்சுதான் சூத்திரம். கீழ்நூல் ஒரு விரற்கடை நீளமாக இருந்தால்தான் தலை நம் பக்கம் லேசாகச் சாயும், காற்றும் கீழே வழுக்கிக்கொண்டு போகும். அவர் பெட்டியை ஓரமாக நிமிர்த்தி வைத்துவிட்டு முடிச்சை அவிழ்த்துப் போட்டார். பிறகு நடுக்குச்சியை ஒற்றை விரலில் வைத்து நிறுத்தினார். இடது பக்கம் சாய்ந்தது. வலது இறக்கை ஓரத்தில் நகம் அளவு தாளை ஒட்டச் சொன்னார். நேராக நின்றது. காசு வாங்க மறுத்துவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு வால். ஒரு மீட்டர் வைத்தால் ஆடியது. காத்தாடியின் மூலைக்கு மூலை உயரத்தைப்போல் ஐந்து மடங்கு, அதாவது கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மீட்டர் வைத்ததும் அடங்கியது.

நூலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாதாரணப் பருத்தித் தையல் நூல் மட்டும்தான். எதிர்வீட்டுப் பையன், "மாஞ்சா போட்டாத்தான் அங்கிள் டீல் விட முடியும்" என்றான். மாஞ்சா என்பது கண்ணாடித் தூள் பூசிய நூல், டீல் என்றால் அடுத்தவர் காத்தாடியை அறுக்கும் போட்டி. பைக்கில் போகிறவர்களின் கழுத்தை மாஞ்சா அறுத்திருக்கிறது, முன்னால் உட்கார்ந்து போன குழந்தைகளையும் விட்டுவைக்கவில்லை. சென்னையில் போலீஸ் தடை இருக்கிறது. 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நைலான் மாஞ்சாவை நாடு முழுக்கத் தடை செய்தது. அவனை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். அடுத்த வாரம் அவனும் தையல் நூல்கண்டோடுதான் வந்தான்.

நான்காம் ஞாயிறு, பெசன்ட் நகர் கடற்கரை, மாலை நான்கரை. பகலில் தரை கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது. அந்தச் சூட்டில் காற்று மேலெழும்ப, கடல்காற்று உள்ளே வருகிறது. அதனால் கடல்காற்றில் காத்தாடி ஊர்ப்பக்கம்தான் போகும். கடைகள், கரண்டுக் கம்பி எல்லாம் அந்தப் பக்கம் என்பதால், ஷ்மிட் நினைவு மண்டபத்தைத் தாண்டி, அலைக்கு முதுகு காட்டி ஈர மணலில் நின்றோம்.

ஓடவே வேண்டியிருக்கவில்லை. மகள் இருபதடி தள்ளிப் பிடித்து நின்று கையை விட்டாள், செய்தித்தாள் படபடவென்று அடித்துக்கொண்டு ஏறியது. நூலை மகன் கையில் கொடுத்தேன். நூல் விரலில் அதிர்ந்தது. "அப்பா, அது என்னைய இழுக்குது!" என்று கத்தினான். கண்டில் பாதி நூல் போகும்வரை யாருக்கும் திருப்பித் தரவில்லை.

இறக்கும்போது காத்தாடியின் ஒரு இறக்கை ஓரம் கிழிந்தது. திங்கட்கிழமை காலை பருக்கை வைத்து ஒட்டியாகிவிட்டது. அடுத்த வாரத்துக்காக மகள் துடைப்பத்திலிருந்து நேரான ஆறு குச்சிகளை உருவி ஜன்னல் மேல் வைத்திருக்கிறாள்.