பயம் விதைக்கப்பட்ட வாக்கியம்

பேய்க்கதைகளையும் அமானுஷ்யப் புனைவுகளையும் படித்து முடித்ததும் ஒரு குறிப்பேட்டில் நாலு வரி எழுதி வைக்கும் வழக்கம் எனக்குப் பல ஆண்டுகளாக உண்டு. அண்மையில் அந்தப் பழைய குறிப்புகளைப் புரட்டியபோது, அவற்றில் பெரும்பாலானவை எதற்கும் உதவாதவை என்று தெரிந்தது. ‘பயங்கரம்’, ‘விளக்கை அணைக்க மனம் வரவில்லை’, ‘எதிர்பார்த்த அளவுக்கு இல்லை’ என்ற ரீதியில் எழுதியிருந்தேன். அன்றிரவு நான் எப்படி இருந்தேன் என்பதை அவை சொல்கின்றனவே ஒழிய, கதையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. களைத்துப் போன இரவில், தனியாக இருக்கும்போது, சுமாரான கதையும் நடுங்க வைக்கும். சுற்றிலும் ஆள் நடமாட்டம் உள்ள பகலில் மிகச் சிறந்த கதைகூடச் சப்பென்று போய்விடும்.

ஆகவே இப்போது வேறு முறையைக் கையாள்கிறேன். கதையை ஒருமுறை இரவிலும், இரண்டு மூன்று நாள் கழித்து மறுமுறை பகலிலும் படிக்கிறேன். இரண்டாம் வாசிப்பில் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து நான் தேடுவது, பயந்த இடத்தை அன்று. அந்தப் பயம் எந்த வாக்கியத்தில் விதைக்கப்பட்டது என்பதை. இவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட ‘குரங்கின் பாதம்’ இதற்கு நான் அடிக்கடி எடுத்துக்கொள்ளும் கதை. வெளிவந்து 120 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் முடிவைச் சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. படிக்காதவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். மூன்று வரங்களைத் தரும் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று ஒரு முதியவரின் கைக்கு வருகிறது. விளையாட்டாக அவர் 200 பவுண்டு கேட்கிறார். மறுநாள் மகன் தொழிற்சாலை இயந்திரத்தில் சிக்கி இறந்த செய்தி வருகிறது; இழப்பீடாக நிறுவனம் தரும் தொகை சரியாக 200 பவுண்டு. அடக்கம் முடிந்து சில நாள் கழித்து, மனைவியின் பிடிவாதத்துக்குப் பணிந்து, மகன் மீண்டும் உயிர்பெற வேண்டும் என்று இரண்டாவது வரத்தைக் கேட்கிறார். நள்ளிரவில் கதவு தட்டப்படுகிறது.

முதல் வாசிப்பில் என்னை உறைய வைத்தது அந்தத் தட்டல்தான். ஆனால் கதவு தட்டப்படுவது தன்னளவில் அச்சம் தரும் செய்தி அன்று; தபால்காரரும் தட்டுவார். பகலில் மீண்டும் படித்தபோது, சில பத்திகளுக்கு முன்பு, இரண்டாம் வரத்தைக் கேட்க மறுத்து வாதாடும் கிழவர், மகனின் உடலை உடைகளை வைத்துத்தான் அடையாளம் காண முடிந்தது என்று மனைவியிடம் சொல்லும் இடத்தில் பென்சில் நின்றது. சொல்லப்படும்போது அது துயரம் மட்டுமே; ஒரு தகப்பனின் புலம்பலாகவே அதைக் கடந்து போகிறோம். கதவு தட்டப்படும் கணத்தில்தான் அது முளைக்கிறது. வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று ஆசிரியர் ஒரு வரிகூட வர்ணிக்கவில்லை. அந்த உருவத்தை வரையும் வேலையை நம்மிடம் தள்ளிவிட்டு, தாழ்ப்பாள் எட்டாமல் தாய் திண்டாடுவதையும், தந்தை இருட்டில் தரையைத் தடவிக் குரங்குப் பாதத்தைத் தேடுவதையும் மட்டும் காட்டிக்கொண்டிருக்கிறார். மூன்றாவது வரம் கேட்கப்பட்டதும் தட்டல் நிற்கிறது. திறந்தால், வெறிச்சோடிய சாலை. இத்தனைக்கும், நடந்ததெல்லாம் தற்செயல் என்று சாதிக்க விரும்புபவருக்கும் அந்தக் கதையில் இடம் இருக்கிறது. இயற்கையான விளக்கத்துக்கும் அமானுஷ்ய விளக்கத்துக்கும் நடுவே வாசகர் தடுமாறும் நிலையையே இவ்வகை எழுத்தின் உயிர் என்று 1970இல் இலக்கியக் கோட்பாட்டாளர் டோடரோவ் விளக்கியபோது, இப்படிப்பட்ட கதைகள் அவர் மனத்தில் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அச்சத்தைப் பற்றி எழுதத் தமிழில் கலைச்சொல் போதாது என்று குறைப்படுபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு (பேய் போன்ற வருத்தும் சக்திகள்), விலங்கு, கள்வர், தம் இறை (அரசர் போல் நம்மை ஆள்பவர்) என்ற நான்கைச் சொல்கிறது. பட்டியலின் முதலிடத்திலேயே அமானுஷ்யம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதே இயல் அச்சத்தை மருட்கை என்னும் வியப்பிலிருந்தும் இளிவரல் என்னும் இழிவுணர்விலிருந்தும் பிரித்து வைக்கிறது. இந்தப் பிரிவினை எனக்குப் பெரிதும் கைகொடுத்தது. குடலும் இரத்தமுமாக நிரம்பிய ஒரு கதையைப் படித்து முகம் சுளித்துவிட்டு அதைப் ‘பயம்’ என்று குறித்து வைத்த நாட்கள் உண்டு. அது அருவருப்பு, அதாவது இளிவரலின் பக்கத்து வீடு. ஆங்கிலத்திலும் திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், அவர் மறைந்தபின் 1826இல் வெளியான கட்டுரையொன்றில், மனத்தை விரியச் செய்யும் அச்சத்தையும் அதைச் சுருக்கி உறைய வைக்கும் கொடூரத்தையும் எதிரெதிரே நிறுத்தினார். மாயமும் மந்திரமும் இயல்பாகப் புழங்கும் மிகுபுனைவு உலகங்களோ பெரும்பாலும் மருட்கையின் ஆட்சிக்குட்பட்டவை. அங்கே பூதம் வந்தால் எவரும் ‘இது எப்படிச் சாத்தியம்’ என்று கேட்பதில்லை. அவ்வகைக் கதையை ‘பயமே இல்லை’ என்று ஒதுக்குவது, கேட்காத கடனுக்கு வட்டி வசூலிப்பது போன்றது.

அணங்கே இல்லாமலும் இந்த விதைப்பு நடக்கும். 1948 ஜூன் மாதம் நியூயார்க்கர் இதழில் வந்த ஷர்லி ஜாக்சனின் ‘லாட்டரி’ கதையில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. தொடக்கத்திலேயே சிறுவர்கள் சட்டைப்பைகளில் கற்களை நிரப்புகிறார்கள். கோடை விடுமுறைக் குறும்பு என்று நாம் புன்னகைத்து நகர்கிறோம். இதற்குமேல் அந்தக் கதையைப் பற்றிச் சொல்ல மாட்டேன். வந்து குவிந்த வாசகர் கடிதங்களில் ஓங்கி நின்றவை குழப்பம், ஊகம், வசை ஆகிய மூன்றே என்று ஜாக்சன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். திட்டி எழுதியவர்களை நான் மதிக்கிறேன். ஏதோ ஒன்று அவர்களைத் தைத்திருக்கிறது. இந்த லாட்டரி எங்கே நடக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று விசாரித்து எழுதியவர்களும் இருந்தார்களாம். கதையைவிட அதிகமாக என்னை அச்சுறுத்துபவர்கள் அவர்கள்தாம்.

இப்படி எழுதுவதில் ஒரு சங்கடமும் உண்டு. முடிவை வெளியிடுவதுதான் பெரிய குற்றம் என்று பலர் கருதுகிறார்கள். என் அனுபவத்தில், விதையைச் சுட்டிக்காட்டுவது அதைவிடப் பெரிய கேடு. முடிவு தெரிந்த கதையும் நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் பயமுறுத்தும். ஆனால் இந்த வாக்கியத்தைக் கவனி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாசகர் அதைத் தாண்டும்போது விழித்துக்கொள்வார், பிறகு அது முளைக்காது. (இங்கேயே இரண்டு கதைகளுக்கு அந்தத் தீங்கைச் செய்துவிட்டேன்.) அதனால் புதிய கதைகளைப் பற்றிப் பொதுவில் எழுதும்போது, எந்த உணர்வு எழுந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, ஆசிரியர் எதைக் காட்டாமல் விட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாக்கியத்தின் பக்க எண் குறிப்பேட்டில் மட்டும் இருக்கும்.

சென்ற வாரம் ‘குரங்கின் பாதம்’ கதையை மீண்டும் இரவில் படித்தேன். எல்லாம் தெரிந்திருந்தும், மேல் தாழ்ப்பாளை எட்டுவதற்காகக் கிழவி நாற்காலியைக் கதவருகே போடும் ஓசை வந்தபோது, புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். குறிப்பேட்டில் ‘நாற்காலி’ என்று ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். அதன் விதை எங்கே இருக்கிறது என்பதை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.