மீகூனும் ஒரு கையெழுத்தும்

இன்று காலை சுங்கை சிப்புட் பசாரில் பெத்தாய் வாங்கினேன். விற்றவர் மேலே மலைக் கம்பத்திலிருந்து வரும் தெமியார் பூர்வகுடிப் பெரியவர். சுரங்கக் கம்பெனி ஆட்கள் வந்தார்களாம். சாப்பிட மீகூன், ஆளுக்கொரு டீ-சட்டை, கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து. அது வருகைப் பதிவா, சம்மதமா? அவருக்கே தெரியவில்லை.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தோட்டத்தை விற்றபோதும் இதே கதைதான். லயத்தைக் காலி செய்யும் தேதியை முடிவு செய்துவிட்டுத்தான் "உங்க கருத்து என்ன?" என்று கேட்டார்கள். (மீகூன் நல்லாத்தான் இருந்தது.)

2007 ஐநா பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தின் 32வது பிரிவு, நிலத்தைப் பாதிக்கும் திட்டங்களுக்கு அனுமதி கொடுக்கும் முன்பே, விவரம் சொல்லி, வற்புறுத்தாமல் பூர்வகுடிகளின் சம்மதத்தை அரசாங்கம் நாட வேண்டும் என்கிறது. மலேசியாவும் ஆதரித்து ஓட்டுப் போட்டது.

மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 மே மாதம் ரியோ டின்டோ என்ற சுரங்கக் கம்பெனி, பூர்வகுடிகள் போற்றிய ஜூகன் பள்ளத்தாக்குக் குகைகளை வெடி வைத்துத் தகர்த்தது. 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர் புழங்கிய இடம். சட்டப்படி அனுமதி இருந்தது! சுற்றுச்சூழலையும் மக்களையும் பேணுகிறோம் என்று வழவழ தாளில் நிலைத்தன்மை அறிக்கை போடுகிற கம்பெனிதான் அது. பிறகு தலைமை நிர்வாகி பதவி விலகினார்.

பெரியவரிடம் அந்தத் தாளின் நகல்கூட இல்லை. அடுத்த ஞாயிறு கேட்டு வாங்கி வருகிறேன் என்றார். சட்டம் படித்தவர்கள் யாராவது அன்று பசார் பக்கம் வர முடியுமா?