காற்புள்ளிக்குப் பின்னால் இருந்த சொல்

"கணினியில் பெயர் மட்டும்தான் இருக்கிறது ஐயா, வேறு ஒன்றும் இல்லை." அந்தப் பெரியவரிடம் நான் சொன்னதில் பொய் கிடையாது. அந்த வேறு ஒன்றை எடுத்துவிட்டவன் நான்தான் என்பதைத்தான் சொல்லவில்லை.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமங்களின் பழைய செட்டில்மெண்ட் பதிவேடுகளை, அதாவது நிலவரி நிர்ணயித்த பதிவேடுகளை, கணினியில் தட்டச்சு செய்யும் ஒப்பந்த வேலை. சர்வே எண், நன்செய் புன்செய், மண் வயனம், தரம், தீர்வை, பட்டாதாரர் பெயர் என்று வரிசையாகப் போகும். சில பெயர்களுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி. அதை அடுத்து 'பறையன்'. தீர்வையை எழுதிய அதே பழுப்பு மை, அதே சாய்ந்த கையெழுத்து. முதல் நாளே எனக்குக் கை கூசியது. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "சாதியெல்லாம் எதற்குத் தம்பி, எடுத்துவிடுங்கள்" என்றார். நிம்மதியாக எடுத்தேன்.

மதியம் பதிவேட்டில் ஒரு 'முதலியார்' வந்தார். "அது பெயரோடு சேர்ந்தது, விட்டுவிடுங்கள்" என்றார் மேற்பார்வையாளர். விட்டேன். அங்கே காற்புள்ளி இல்லையே!

வெள்ளைக்காரர்களின் கணக்கெடுப்பு மீது எனக்கு என்றுமே மரியாதை இருந்ததில்லை. இதே ஜில்லாவில் 1767 முதல் 1774 வரை நில அளவையாளர் பர்னார்ட் ஊர் ஊராக நிலத்தையும் வீடுகளையும் சாதிவாரியாகக் கணக்கெடுத்தார். பிற்பாடு சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் தர்ஸ்டன் சாதி சாதியாக மூக்கையே அளந்தார். அந்தப் பழக்கத்தின் ஒரு துண்டையாவது நான் அழிக்கிறேன் என்று உள்ளூரப் பெருமை.

ஆனால் 1891இல் இங்கே கலெக்டராக இருந்த திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும் அதே பழக்கத்தில் பிறந்ததுதான். தரிசு நிலத்துக்குப் பறையர் மனுப் போட்டால் பரம்பரை நில உரிமையுள்ள மிராசுதாருக்கே முன்னுரிமை, பறையர் குடியிருக்கும் மனைகூட மிராசுதாரின் தயவில்தான் என்று அவர் எழுதிவைத்தார். மறு ஆண்டு வந்த அரசாணையின் தொடர்ச்சியாகத்தான் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு அரசு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் வந்தன. அவை வேறு சாதியாருக்குக் கைமாறக் கூடாது என்ற நிபந்தனையும் வந்தது. அந்த நிலத்தைத் தேடிப் போகிறவருக்கு நான் கூசிய சொல்லும் ஒரு பிடிமானம்.

பெரியவர் மஞ்சள் பையிலிருந்து மடிப்பு கிழிந்த கிஸ்து ரசீது, நிலவரி கட்டிய சீட்டு, ஒன்றை எடுத்து நீட்டினார். "சர்க்கார் எங்களுக்குக் கொடுத்த நிலம் என்று அப்பா சொல்வார். இப்போது யாரோ மதில் எழுப்பியிருக்கிறார்கள். தாத்தா பெயருக்குப் பக்கத்தில் ஏதாவது போட்டிருக்கிறதா தம்பி?"

சாதிப் பெயர் மட்டும் வழக்கில் நிற்காது, அரசு நிலத்தைக் கொடுத்த ஒப்படை ஆணை வேண்டும். இல்லையென்றால் குறிப்புப் பத்தியில் நிபந்தனையாவது இருக்க வேண்டும். அந்த வரியில் குறிப்புப் பத்தி காலியாகத்தான் இருந்தது என்று எனக்கு நினைவு. ஆக, அவருக்கு நான் எதையும் கெடுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான வரிகளில் அந்த ஒரு வரி மட்டும் எப்படி நினைவிருக்கும்? நினைவா, எனக்கு நானே சொல்லிக்கொண்டதா?

"மூலப் பதிவேட்டின் நகலுக்கு ஒரு மனுப் போடுங்கள் ஐயா" என்றேன்.

"எதற்கு? எல்லாவற்றையும் இதில் ஏற்றிவிட்டதாகத்தானே சொன்னார்கள்?"

"இருந்தாலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்."

ரசீதைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். மனுப் போட்டாரா, தெரியாது.

அன்று மாலை அடுத்த கிராமத்தின் பதிவேட்டைப் பிரித்தேன். மூன்றாம் பக்கத்தில் மறுபடியும் ஒரு காற்புள்ளி. சற்று நேரம் விசைப்பலகையில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பிறகு மேற்பார்வையாளர் சொன்னபடியே பெயரை மட்டும் அடித்தேன்.