1977 ‘தி ஹாபிட்’ பார்த்திருக்கிறீர்களா?

இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் மூன்று ‘ஹாபிட்’ படங்களைச் சொல்லவில்லை. 1977 நவம்பரில் அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த அனிமேஷன் படத்தைச் சொல்கிறேன். ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் 1937இல் வெளியிட்ட கதை, மொத்தமும் 77 நிமிடத்தில்!

தயாரிப்பு ராங்கின்/பாஸ் என்ற அமெரிக்க நிறுவனம். ஆனால் படம் வரைந்த கைகள் டோக்கியோவில் இருந்த டாப்கிராஃப்ட் நிறுவனத்துடையவை. ஜப்பானிய இயக்குநர் மியாசாகியின் ‘நௌசிகா’ அனிமேஷன் படத்தை உருவாக்கியதும் இதே நிறுவனம்தான். அங்கிருந்தவர்களில் பலர் பிறகு புகழ்பெற்ற ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ கிப்லிக்குப் போனார்கள். இது தெரிந்தபின் அந்தக் காடுகளையும் மலைகளையும் பார்த்தால் கண்ணை எடுக்க முடியவில்லை. மை கோடுகள், மேலே நீர்வண்ணம், பழைய கதைப்புத்தகத்தின் பக்கம் அப்படியே அசைகிற மாதிரி.

எனக்கு உயிர், கதாநாயகன் பில்போவும் குகையில் வாழும் கோல்லமும் விடுகதை போட்டுக்கொள்ளும் அந்தக் காட்சிதான். பாதாள ஏரி, சின்னப் படகு, தவளை மாதிரி உடம்பும் வெளிறிய பெரிய கண்களுமாக கோல்லம். அதற்குக் குரல் கொடுத்த பிரதர் தியோடரின் கரகரப்பு வேறு! பில்போவின் பயம் நமக்கும் தொற்றிக்கொள்ளும். ஸ்மாக் டிராகனுக்குப் பூனை முகம். இருட்டில் கண்ணிலிருந்து ஒளி பாயும். இன்றைய கம்ப்யூட்டர் டிராகன் எதுவும் என்னை இந்த அளவுக்கு மிரட்டியதில்லை.

புத்தகத்தில் வரும் கரடி மனிதன் பியோர்ன் கிடையாது, ஆர்கன்ஸ்டோன் என்ற அரிய மணிக்கல் கிடையாது, கடைசிப் போரும் அவசர அவசரமாக முடிந்துவிடுகிறது. இந்தக் குறைகளை நானும் ஒத்துக்கொள்கிறேன். இருந்தாலும் ஒரு சிறுவர் கதையைச் சிறுவர் கதையாகவே விட்டுவைத்த படம் இது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் முதலில் இதைப் போட்டுக் காட்டுங்கள். ஜாக்சன் படங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.