முதலில் கோடு, பிறகுதான் உடை

கிருஷ்ணகிரி, தருமபுரி வரலாற்றைக் காட்சிக்கு வைக்கப் படம் தேடினால் திப்பு சுல்தானும் அவரை எதிர்த்துப் போரிட்ட கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸும் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோவும் பழைய செப்புத்தகட்டு அச்சுகளாகத்தான் கிடைப்பார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்த மாவட்டங்களின் பெரும்பகுதி அடங்கிய பாரமகால், ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. அலெக்சாண்டர் ரீடின் கீழ் மன்றோ 1799 வரை இங்கே வருவாய் வேலை பார்த்தார். இந்தப் படங்களுக்குக் குறிப்பு எழுதும்போது, உடையை மட்டும் பார்த்து மதம், பதவி, ஆண்டு என்று அடித்துச் சொல்லிவிடுவதில்தான் பெரும்பாலான தவறுகள் வருகின்றன.

தகட்டில் வெட்டியது தாளில் இடம் வலமாக மாறி விழும். பொறுமையான செதுக்குநர் மூலப்படத்தைக் கண்ணாடியில் பார்த்து, திருப்பி வெட்டுவார். மலிவுப் பதிப்பென்றால் அப்படியே வெட்டிவிடுவதும் உண்டு. இதில் முதலில் அடிபடுவது ஜாமா, அதாவது மார்பின் குறுக்கே மடித்துப் பக்கவாட்டில் முடிச்சிடும் நீண்ட மேலங்கி. முகலாயர் கால வழக்கில் முஸ்லிம்கள் அதை வலப்பக்கமும் இந்துக்கள் இடப்பக்கமும் முடிந்தார்கள். படம் திரும்பியிருந்தால் முடிச்சு நேர் எதிரான செய்தியைச் சொல்லும். ஆகவே வாளுறை வழக்கம்போல் இடது இடுப்பில் தொங்குகிறதா, கார்ன்வாலிஸ் போன்றவர் என்றால் விருது நட்சத்திரம் இடது மார்பில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முடிச்சுக்கு வர வேண்டும்.

அடுத்து 10 மடங்கு லென்ஸ். உளியால் வெட்டிய கோடு மெலிதாகத் தொடங்கி, நடுவில் தடித்து, ஊசிமுனையாய் முடியும். அமிலம் அரித்த கோடு ஏறக்குறைய ஒரே தடிமனில் ஓடி மழுங்கி நிற்கும். சீரான கட்டங்களில் புள்ளிகள் தெரிந்தால் அது 1880களுக்குப் பிந்தைய ஹாஃப்டோன் எனும் புகைப்பட அச்சு நகல். அதன் கோடுகளை வைத்து எதையும் தீர்மானிக்கக் கூடாது.

துணி வகையும் கோட்டில்தான் இருக்கிறது. பளபளக்கும் சாட்டினில் கோடுகள் சட்டென அறுந்து வெள்ளைத்தாள் வெளியே தெரியும். வெல்வெட்டில் குறுக்குக்கோடுகள் நெருங்கி, மடிப்பின் விளிம்பில் மட்டும் வெளிச்சம் ஏறும். மஸ்லினில் அடியிலுள்ள துணியின் கோடு மேலே வந்து தெரியும். திப்புவின் படத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். பப்ரி எனும் புலிவரி இரு முனையிலும் கூர்த்த குறும்பட்டை. உளிக்கோடும் அதே வடிவம்தான். நிழல்கோடுகள் மடிப்பைத் தொடர்ந்து வளையும், இடைவெளியும் சீராகக் குறையும். புலிவரியோ மடிப்பைப் பொருட்படுத்தாமல் வரிசை வரிசையாக நிற்கும். இந்த வேறுபாட்டைப் பிடிக்காமல் புலிவரியை நிழல் என்று ஒதுக்கிவிட்டால் அந்த உடையின் முக்கியமான அடையாளமே போய்விடும்.

படத்தின் கீழுள்ள எழுத்தையும் விடக்கூடாது. ‘பின்க்சிட்’ என்றால் வரைந்தவர், ‘ஸ்கல்ப்சிட்’ என்றால் செதுக்கியவர். வரைந்தவர் பெயரே இல்லாவிட்டால், உருவத்தை நேரில் பார்க்காமலே உடையைக் கற்பனையில் போட்டிருக்கலாம். பிரிட்டனில் 1735 சட்டத்துக்குப் பிறகு வெளியீட்டுத் தேதியும் பொறிக்கப்பட்டது. அது தகடு வெளியான தேதி, உடையின் தேதி அல்ல. படைவீரர்கள் பின்னந்தலையில் தொங்கவிட்ட பின்சடையை பிரிட்டிஷ் ராணுவம் 1808இல் கைவிட்டது. அதற்குப் பிறகு வெளியான படத்தில் சடை இருந்தால் மூலப்படம் பழையது என்று ஊகிக்கலாம்.

நிறத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பியக் குலச்சின்னக் கேடயத்தை நிறமில்லாமல் செதுக்கும்போது நெடுக்குக்கோடு சிவப்பைக் குறிக்கும், கிடைக்கோடு நீலத்தை, புள்ளி பொன்னை. இந்த விதி கேடயத்தோடு சரி, அதை மேலங்கிக்கு நீட்டக்கூடாது. கையால் தீட்டிய வண்ணமும் சாட்சியாகாது. சாயம் கோட்டுக்கு மேல் படிந்து விளிம்பு தாண்டி வழிந்திருந்தால், பின்னால் யாரோ விற்பனைக்காகப் பூசியதாக இருக்கலாம். அப்படிப்பட்ட படத்துக்குக் குறிப்பில் ‘கைவண்ணம் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கலாம்’ என்று எழுதி, மேலங்கியின் நிறத்தைச் சொல்லாமல் விடுவதே சரி.